அட்டையின் நான்காவது கேள்வி

ரெட் ஹார்பர், மிச்சிகன்
ஜனவரி 19, 1998

ரோண்டாவுக்கு,

பதினான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்கப் போவதில்லை, கோபம் இன்னும் போகவில்லை. உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் செய்துவிடாதே. கடைக்கும் வீட்டுக்கும் ஒரே இணைப்பு, இரண்டு இடத்திலும் என் மாமியார் ஹெல்மிதான் முதலில் எடுப்பாள். தபாலை மட்டும் தினமும் நான் போய் எடுத்து வருகிறேன்.

நான் உண்டாகியிருக்கிறேன். ஏழு வாரம். சோதித்துப் பார்க்கும் பெட்டியை நம்மூர் மருந்துக்கடையில் வாங்காமல் அறுபது மைல் ஓட்டிப் போய் வாங்கினேன். கர்டிஸுக்குத் தெரியாது. கப்பல் பட்டறையில் குளிர்கால வேலை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீட்டுக்கு வருகிறான். அவனிடம் சொன்னால் வாயைத் திறக்க மாட்டான், ஆனால் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அம்மா எதிரில் போய் உட்காருவான். அப்புறம் சொல்லவே வேண்டாம்.

போன முறை நீ செய்தது மறக்கவில்லை. தேவாலயத்தில் ஆராதனை முடிந்து எல்லோரும் காபி குடிக்கிற நேரம், கையில் ஏலக்காய் ரொட்டியோடு எழுந்து நின்று, "என் தங்கச்சி மாசமா இருக்கா" என்றாய். பத்து வாரம்தான் ஆகியிருந்தது. மறுவாரம் ஒன்றுமில்லாமல் போனது. ஆறுதலுக்கென்று பதிமூன்று வீட்டிலிருந்து பதிமூன்று நூடுல்ஸ் பாத்திரம் வந்தது. ஒவ்வொன்றையும் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, திருப்பிக் கொடுக்கப் போன வாசலிலெல்லாம் நின்று "பரவால்ல, பரவால்ல" என்று சொன்னவள் நான். அதற்கு முந்தையது போனது யாருக்குமே தெரியாது. அதனால் அதற்கு அழுது தீர்க்க முடிந்தது. இந்த முறை ஐந்தாம் மாதம் வரை யாருக்கும் தெரியக் கூடாது.

கேள்விக்கு வருகிறேன். ஹெல்மியின் கடையில் வேலை செய்கிறவள் வாரத்துக்கு மூன்று முறை, தோலைப் பழுப்பாக்கும் அந்த விளக்குப் படுக்கையில் படுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். அவள் வைத்த சட்டம் இது. வெளுத்த கையோடு கவுண்டரில் நின்றால் எவள் வந்து நிறம் ஏற்றிக்கொள்வாள் என்பாள். கீழே விளக்கு, மூடியிலும் விளக்கு, நடுவில் நான். எழுந்து வரும்போது துண்டு வேர்வையில் பிழிகிற மாதிரி இருக்கும். இது குழந்தைக்கு ஆகுமா, ஆகாதா? படுக்கையோடு வந்த புத்தகத்தில் 'மருத்துவரைக் கேட்கவும்' என்று ஒரு வரி இருக்கிறது, அவ்வளவுதான். நம்மூர் கிளினிக்கில் கேட்க வேண்டியதுதானே என்பாய். அங்கே சீட்டு எழுதுகிறவள் செவ்வாயும் வியாழனும் எங்கள் மூன்றாம் அறையில் படுக்கிறாள்.

நீ நாள் முழுக்க ஆஸ்பத்திரி டாக்டர்கள் டேப்பில் பேசுவதைக் காதில் மாட்டிக்கொண்டு டைப் அடிக்கிறாய். யாரையாவது கேள். யாருக்காக என்று மட்டும் சொல்லாதே.

மார்லா

பனி ஜன்னல் கட்டைக்கு மேலே ஏறிவிட்டது. இதை நீ கேட்காமலே சொல்கிறேன்.


டூலூத்
ஜனவரி 24

அடி மார்லா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். இப்போது நான் சந்தோஷப்படலாமா, கூடாதா? நீ அனுமதி கொடுத்தால் படுகிறேன், இல்லாவிட்டால் வேலையைப் பார்க்கிறேன்.

கேட்டுவிட்டேன். டாக்டர் வெஸ்ட்டால் என்று ஒருவர், பிரசவம் பார்க்கிறவர். மூன்று வருஷமாக அவர் குரல் என் காதில் கிடக்கிறது. அவர் எப்போது தும்முவார் என்றுகூட எனக்குத் தெரியும். நேரில் போய் நின்றால் நான் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு அறையில் மடக்கிப் பிடித்து, என் தோழி ஒருத்தி கேட்டாள் என்றேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"அந்த வெளிச்சம் வயித்தத் தாண்டிக் குழந்தைகிட்டப் போகாதுன்னுதான் நெனைக்கிறோம். ஆனா யாரும் ஒழுங்கா ஆராஞ்சு பாத்ததில்ல. எனக்குப் பயம் சூடுதான். ஆரம்பத்துல தாயோட உடம்பு ரொம்ப சூடேறுனா குழந்தையோட முதுகுத்தண்டு சரியா மூடாமப் போயிடலாம்."

இன்னும் சொன்னார். அந்த வெளிச்சம் ரத்தத்தில் இருக்கிற ஃபோலிக் சத்தைத் தின்றுவிடுகிறதோ என்று ஒரு சந்தேகம் இருக்கிறதாம், குழந்தையின் தண்டுக்கு வேண்டியதே அந்தச் சத்துதானாம். இந்தச் சமயத்தில் தோல் சீக்கிரம் பொசுங்குமாம், முகத்தில் திட்டுத் திட்டாகக் கருமை விழுமாம். வயிறு பெருத்தபின் மல்லாந்து படுத்தால் தலை சுற்றுமாம். கடைசியில், "தேவையும் இல்ல, நல்லதுன்னு தெரியவும் இல்ல. அப்புறம் எதுக்கு" என்றார். உங்கள் வீட்டுச் சனிக்கிழமைச் சவுனாவில் நீராவியில் வேர்க்க உட்காருவதும் இதே கணக்குதான். ஹெல்மி மேல் பலகையில் உட்காரட்டும், நீ கதவோரம் கீழ்ப் பலகையில் உட்கார்ந்து சளி என்று சொல்.

ஆகவே நிறுத்து. நிறுத்தினால் தெரிந்துவிடும் என்றால் இப்படிச் செய். அறைக்குள் போ, தாழ் போடு, விளக்கைப் போடு, மூடியைச் சாத்து, நீ படுக்கைக்கு வெளியே துணியோடு உட்கார். இருபது நிமிடம் கழித்து வா. காபி டப்பாவில் ஃபோலிக் மாத்திரை அனுப்பியிருக்கிறேன், மேலே கொஞ்சம் காபித்தூளும் உண்டு. தினம் ஒன்று.

அந்தக் காபி நேரத்தைப் பற்றி எழுதியிருந்தாய். சந்தோஷம் தாங்காமல் சொன்னேன், கெட்ட எண்ணத்தில் இல்லை. நீ என்ன செய்தாய்? கிறிஸ்துமஸுக்கு ஐந்து மணி நேரம் பனியில் ஓட்டி வந்தவளுக்குக் கதவைத் திறக்கவில்லை. உள்ளே உன் நிழல் நகர்ந்ததைப் பார்த்தேன். அதனால் மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்.

ரோண்டா


ரெட் ஹார்பர்
பிப்ரவரி 3

ரோண்டாவுக்கு,

மாத்திரை வந்தது. காபித்தூளை ஹெல்மி மோந்து பார்த்துவிட்டு நல்ல தூள் என்றாள்.

நீ சொன்னபடிதான் செய்கிறேன். ஜனவரி இருபத்தெட்டு முதல் படுக்கவில்லை. இரண்டாம் அறையில் துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். விளக்கின் கடிகாரம் முன்னால் கவுண்டரில் ஹெல்மி கையில் இருக்கிறது, அவள் திருகிவிட்டால் இருபது நிமிடம் ஓடித்தான் நிற்கும். அதுவரை வெளியே வர முடியாது. ஆறடிக்கு எட்டடி அறை, ஜன்னல் கிடையாது. மூடியின் இடுக்கிலிருந்து நீல வெளிச்சம் காலில் விழுகிறது, அதனால் காலையும் மடக்கி வைத்துக்கொள்கிறேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம் நான் ஒரு பெட்டிக்குக் காவல் இருக்கிறேன்.

நிறுத்திவிட வேண்டியதுதானே என்று நீ கேட்பது உனக்கு எளிது. நீ இந்தக் கடையில் வேலை செய்தவள் இல்லை. கவுண்டருக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டியவர்கள் நடுவில் விட்டால் அதில் 'நிறுத்தம்' என்று போட்டுக் கீழே பெயரை எழுதுவாள் ஹெல்மி. அறுவை செய்துகொண்டவர்களும் பிள்ளை உண்டானவர்களும்தான் நிறுத்தலாம், அதுதான் விதி. இந்த ஊர்ப் பெண்கள் கோட்டைக் கழற்றுவதற்கு முன் அந்தப் பலகையைத்தான் பார்ப்பார்கள். போதகரின் மகளுக்கு என்ன விசேஷம் என்பது போதகருக்கே அப்படித்தான் தெரிந்தது. ஒரு வாரம் என் கை வெளுத்தால் போதும், பலகையே தேவையில்லை.

இப்போதே வெளுக்கிறது. நேற்று ஹெல்மி என் முழங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டாம் அறை விளக்கு தேய்ந்துபோய்விட்டதா என்று கேட்டாள். மாற்றச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி, பிப்ரவரியில் கூட்டம் நெரிகிறது. வருஷம் பிறந்தால் ஒவ்வொருவருக்கும் புது அட்டை எழுத வேண்டும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், தோல் நோய் உண்டா, கண்ணில் அறுவை செய்ததுண்டா, கர்ப்பமாக இருக்கிறீர்களா. நாங்கள் வாசித்து, அவர்கள் பதில் சொல்லி, அதைப் பார்த்து நாங்கள் குறிக்க வேண்டும். யாருக்கு நேரம்? வழக்கமாக வருகிறவர்களின் அட்டையில் காலையிலேயே உட்கார்ந்து நாலுக்கும் 'இல்லை' என்று குறித்து வைத்துவிடுகிறேன். வந்ததும் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். என் அட்டைக்கும் அப்படித்தான் குறித்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். 'ஆரம்பத்தில்' என்று எழுதியிருந்தாய். எந்த வாரம் வரை என்று எழுதவில்லை. உன்னை எனக்குத் தெரியும். டாக்டர் எண்ணைச் சொல்லியிருப்பார், நீ விழுங்கியிருப்பாய். உண்டான நாளிலிருந்து ஜனவரி இருபத்தெட்டு வரை நான் படுத்தது பதினேழு முறை. அட்டையின் பின்னால் தேதி இருக்கிறது, எண்ணிப் பார்த்தேன்.

மார்லா


டூலூத்
பிப்ரவரி 11

மார்லா,

ஆமாம், விழுங்கினேன். ஆறு வாரம். நீ எனக்கு எழுதுவதற்கு முன்பே அது தாண்டிவிட்டது. இப்போது சொல்லிவிட்டேன், உனக்குத் திருப்திதானே?

ஆனால் மீதியையும் கேள். இரண்டாம் தடவையும் அவரிடம் போனேன், உன் தோழிக்கு ரொம்பக் கவலையோ என்றார். வரலாம் என்பதுதான் பேச்சு, வந்தே தீரும் என்று இல்லையாம். பெரும்பாலான பிள்ளைகள் நல்லபடியாகத்தான் பிறக்கிறதாம். பதினெட்டு, இருபது வாரத்தில் ஸ்கேன் எடுத்தால் முதுகுத்தண்டு தெரியுமாம், அதுவரை பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லையாம். எத்தனை முறை, எவ்வளவு நேரம் படுத்தாள் என்று ஸ்கேன் எடுக்கிறவரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள் என்றார். சொல்வாயா?

ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். தடவினால் நிறம் வருமாம், விளக்கு வேண்டாம். முதலில் நானே தடவிப் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, கேரட் அரைத்தாயா என்று கேட்டார்கள். அதனால் தடவியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு, விரலிடுக்கு முழுதும். நாம் இருவரும் பதினாறு பதினேழு வயதில் கார் கொட்டகைக் கூரைமேல் குழந்தை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் கருவாடு மாதிரிக் கிடந்தோமே, அப்போது இது இருந்திருக்கலாம்.

கர்டிஸிடம் சொல்லித் தொலையேன். நீ தனியாகக் கூடைமேல் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே, யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய், யாருடையதோ ஒரு பச்சைக் காரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். அது யாரிடமும் சொல்லாது.

ரோண்டா


ரெட் ஹார்பர்
மார்ச் 9

அக்கா,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டேன்.

லாம்பி வீட்டு ஹெய்டியை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ பள்ளி முடிக்கும்போது மூன்றாம் வகுப்பில் இருந்தாள். ஈஸ்டர் முடிந்ததும் அவளுக்குக் கல்யாணம். தோள் தெரிகிற கவுன் தைத்திருக்கிறார்கள், அதனால் ஜனவரி முதல் எங்களிடம் வருகிறாள். வெள்ளிக்கிழமை மதியம் நாலாம் அறையில் படுத்தாள். விளக்கு அணைந்து பத்து நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. தட்டினேன். உள்ளே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. ஹெல்மி சாவி போட்டுத் திறந்தாள். எழுந்திருக்கும்போது மயங்கி, மூடியின் விளிம்பில் நெற்றி இடித்துக் கீழே கிடந்தாள். உடம்பு கொதித்தது. அவளை மடியில் போட்டு ஈரத்துண்டால் துடைத்தேன். கண் திறந்ததும் அவள் கை முதலில் போனது வயிற்றுக்குத்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஒன்பது வாரமாம். ஆம்புலன்ஸ் ஆட்கள் கேட்டபோது அவளே சொன்னாள். கவுண்டரில் ஐந்து பேர் நின்றிருந்தார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. நெற்றியில் நாலு தையல். குழந்தைக்கு இதயம் துடிக்கிறது என்கிறார்கள், வேறெதுவும் இப்போது சொல்ல முடியாதாம்.

ஹெல்மி உடனே அவள் அட்டையை எடுத்தாள். நான்காவது கேள்விக்கு 'இல்லை' என்று குறித்திருக்கிறது, கீழே ஹெய்டியின் கையெழுத்து. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுகிறாள், எங்கள்மேல் தப்பில்லை என்று. ஹெய்டி சொல்கிறாள், நான் குறிக்கவில்லை, ஏற்கெனவே குறித்திருந்தது, கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்று. யாரும் நம்பவில்லை. அவளுக்கு வரப்போகிற மாமியார், இப்படிப் பச்சையாகப் பொய் சொல்கிறவளை எப்படி வீட்டுக்குள் விடுவது என்று தபால் நிலையத்தில் நின்று பேசினாள். நான் பின்னால்தான் நின்றிருந்தேன், கையில் உனக்கு எழுத வாங்கிய தபால்தலை.

குறித்தது நான். உனக்குத் தெரியும், எனக்கும் ஹெய்டிக்கும் தெரியும்.

இன்னொன்று இருக்கிறது, அது உனக்கும் தெரியாது. ஜனவரி நெரிசலில் விட்டுப்போன அட்டையில் அவள் கையெழுத்துப் போட்டது பிப்ரவரி கடைசியில். பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தக் கேள்வியின்மேலேயே நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான், "கீழ போடு ஹெய்டி, அங்க, கோட்டுக்கு மேல" என்றேன். பின்னால் ஆள் நிற்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பின்னால் ஒரே ஒருத்திதான் நின்றாள், அவளும் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். நேரமில்லாமல்தான் முன்கூட்டிக் குறித்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது பாதிதான் உண்மை. 'கர்ப்பமாக இருக்கிறீர்களா' என்று ஒரு நாளைக்கு முப்பது தடவை என் வாயால் கேட்க என்னால் முடியவில்லை. கேட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

நான் சொன்னால், ஏன் கேட்கவில்லை என்பார்கள். ஏன் என்று சொல்ல ஆரம்பித்தால் எல்லாம் வெளியே வரும். பதினான்கு வாரம்தான் ஆகிறது. சொல்லாவிட்டால் ஹெய்டி பொய்க்காரியாகவே இருப்பாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். இன்றும் இருபது நிமிடம் கூடைமேல் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

மார்லா


டூலூத்
மார்ச் 14

மார்லா,

'அக்கா' என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்து அழுதுவிட்டுத்தான் மீதியைப் படித்தேன், அதனால் கோபப்பட நேரமானது. இப்போது படுகிறேன்.

சொல்லு. வேறு பேச்சு இல்லை. அந்தப் பெண் நெற்றியில் தையலோடு படுத்துக்கொண்டு, தான் உண்மையில் குறிக்கவில்லையா, குறித்துவிட்டு மறந்துபோனோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். உனக்குப் பதிமூன்று பாத்திரம் வந்தது. அவளுக்கு ஒன்றுகூட வந்திருக்காது, பொய்க்காரிக்கு யார் சமைத்து அனுப்புவார்கள்?

நான் அங்கே போன் போட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம். செவ்வாய்க்கிழமை ரிசீவரை எடுத்து எண்ணைக்கூடச் சுற்றினேன். ஹெல்மி "ஹலோ" என்றாள். வைத்துவிட்டேன். இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன் மார்லா. சொன்னால் உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நல்லதே நடந்தாலும் சொல்ல மாட்டேன். அது உன் வாயிலிருந்து வர வேண்டியது.

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று எழுதினேனே, அது வீம்பு. காபி நேரத்தில் நான் எழுந்து நின்றதற்குச் சந்தோஷம் மட்டும் காரணம் இல்லை. எனக்குப் பிள்ளையில்லை, கல்யாணமும் நிலைக்கவில்லை. அந்த ஊரில் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒரு செய்தியும் இல்லை. உன் செய்தியை எடுத்துச் சொன்னால் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நன்றாக இருந்தது. அதற்கு நீ வாசல் வாசலாகப் போய் நின்றாய். என்னை மன்னித்துவிடு.

இந்த முறையும் ஏதாவது ஆகிவிட்டால் ஊர் பார்க்குமே என்று பயப்படுகிறாய். பார்க்கும்தான். பாத்திரத்தை நான் வந்து கழுவுகிறேன்.

அக்கா


ரெட் ஹார்பர்
மார்ச் 22

அக்கா,

நேற்றுச் சனிக்கிழமை. பள்ளி விடுமுறைக்கு ஃப்ளோரிடா போகிறவர்கள், கல்யாணக்காரர்கள் என்று கடை நிறைந்திருந்தது. பதினோரு மணிக்கு ஹெய்டியின் அம்மா வந்தாள், அன்று நாலாம் அறையில் விட்டுப்போன செருப்பை வாங்க. யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பியவளை ஹெல்மி விடவில்லை. அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இங்க பாருங்க. நாங்க கேட்டோம், உங்க பொண்ணு இல்லன்னு சொல்லியிருக்கா. எங்கள எதுவும் சொல்லக் கூடாது."

அந்த அம்மா, "அவ பொய் சொல்ல மாட்டா" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கை ஒரு புது அட்டையை உருவியது. மேலே என் பெயரை எழுதினேன். சட்டப்படி எப்படிச் செய்ய வேண்டுமோ அப்படி, கேள்வியை உரக்க வாசித்தேன். மருந்து ஏதாவது? ஃபோலிக் மாத்திரை, தினம் ஒன்று. தோல் நோய்? இல்லை. கண்ணில் அறுவை? இல்லை. நான்காவதை மட்டும் இரண்டு முறை வாசித்தேன். "கர்ப்பமாக இருக்கிறீர்களா? ஆமா" என்று சொல்லிக் குறித்தேன். பிறகு ஹெய்டியின் அம்மாவைப் பார்த்தேன்.

"ஹெய்டி கார்டுல குறிச்சது நான்தான். அவ வர்றதுக்கு முன்னாடியே குறிச்சு வெச்சிருந்தேன். அவ கேக்க வந்தா, நான் கேக்க விடல. அவ பொய் சொல்லல."

ஹெய்டியின் அம்மா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். என் வயிற்றையும் பார்த்தாள். "இத என் மககிட்ட நீயே வந்து சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.

ஹெல்மி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் அட்டையை எடுத்து முழுதும் படித்தாள். கத்துவாள் என்று நின்றேன். எத்தனை வாரம் என்றாள். பதினாறு என்றேன். பக்கத்தில் வந்து, கூட்டத்துக்குக் கேட்காத மாதிரிச் சொன்னாள்.

"துண்டெல்லாம் தொவைக்கிறது நான்தான மார்லா. ஜனவரி கடைசிலேர்ந்து உன் துண்டு காஞ்சே வருது. சவுனால கீழ்ப் பலகைல உக்காந்த. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"போன தடவ கேட்டேன். கேட்டதும் போயிடுச்சு."

அக்கா, எட்டு வாரம். நான் உள்ளே கூடைமேல் உட்கார்ந்திருந்தேன், அவள் வெளியே கவுண்டரில் வெறும் படுக்கைக்குக் கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் ஒரே பயம். என் முழங்கையைத் திருப்பிப் பார்த்து விளக்கைப் பற்றிக் கேட்டாளே, அது நான் சொல்வதற்கு ஒரு வழி திறந்துவிட்டதாம். நான் விளக்கை மாற்றச் சொல்கிறேன் என்றேன். அவள் நிஜமாகவே ஆளைக் கூப்பிட்டு மாற்றினாள்.

அப்புறம் கேட்டாள், அதற்கு முந்தைய துண்டெல்லாம் நனைந்திருந்ததே, எத்தனை முறை என்று. பதினேழு என்றேன். முகம் சுருங்கிவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை என்று சட்டம் போட்டவள் அவள்தானே. பேனாவை எடுத்து என் அட்டையின் பின்னால் பதினேழையும், இருபது நிமிடத்தையும், கடைசித் தேதியையும் எழுதினாள். "ஸ்கேனுக்குப் போறப்ப இதக் கையில குடு. வாயால சொன்னா நீ கொறச்சுச் சொல்லுவ" என்றாள். சொல்லியிருப்பேன்தான்.

பிறகு எல்லோரும் பார்த்திருக்க வெள்ளைப் பலகைக்குப் போனாள். 'நிறுத்தம்' என்பதன் கீழே முதலில் ஹெய்டி என்று எழுதினாள், அதன் கீழே மார்லா.

ஸ்கேன் ஏப்ரல் ஒன்பது. வெள்ளிக்கிழமை கர்டிஸ் வருகிறான், ஊர் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும். நாளைக் காலை ஹெய்டி வீட்டுக்குப் போகிறேன், நூடுல்ஸ் செய்து எடுத்துக்கொண்டு. இன்று சாயங்காலமே எங்கள் வாசலில் இரண்டு பாத்திரம் வந்து இருக்கிறது. இன்னும் ஒன்றும் ஆகவில்லை, அதற்குள் எதற்கு என்று எரிச்சலாக வந்தது. அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதே. முன்னைவிட அதிகம். ஒன்பதாம் தேதி வரை எப்படித் தள்ளுவேன் என்று தெரியவில்லை. ஆனால் ஒன்று. நீ இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். டூலூத் தேவாலயத்தில் எழுந்து நின்றுகூடச் சொல். நான்தான் சொல்லச் சொல்கிறேன்.

மார்லா


டூலூத்
மார்ச் 29

மார்லா கண்ணு,

இன்றைக்குக் காபி நேரத்தில் கையில் ரொட்டியோடு எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் பால் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அனுமதி கிடைத்த பிறகு எனக்கு வாய் வரவில்லையடி. ஏப்ரல் ஒன்பது வரை அது என்னிடமே இருக்கட்டும்.

எட்டாம் தேதி பஸ்ஸில் வருகிறேன், மாலை நாலரைக்கு இறங்குவேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், எதற்கு என்ற இடத்தில் 'குடும்பம்' என்று மட்டும் போட்டேன். ஸ்கேன் அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்கள் என்றால் கர்டிஸ் வரட்டும், நான் வெளியே நாற்காலியில் இருக்கிறேன். அந்த அட்டையை மறக்காமல் எடுத்துக்கொள்.

அவர்கள் என்ன சொன்னாலும் முதலில் நீ வெளியே வந்து என்னிடம் சொல். நல்லதோ கெட்டதோ, பாத்திரம் கழுவ நான் இருப்பேன். ஹெல்மியிடம் சொல்லி வை, இந்த முறை தட்டினால் கதவைத் திறக்க வேண்டும்.

அக்கா